நடுஜாமத்து ஜாம்

2018 ஜனவரி 6, சனிக்கிழமை சாயங்காலம். சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் கிட்டத்தட்ட முடிந்து, கேன்டீன் ஆட்கள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரம். கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. அதில் கோட்டு சூட்டு போட்ட 19 பேர். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்டமோளம், டோலக். நடுவில் கானா பாடகர்கள், ராப் பாடகர்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மக்கள் முன்னால் ஏறிய நாள் அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்கிற அடையாளத்திலிருந்து எடுத்த பெயர்.

அந்தக் கச்சேரியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பெரும்பாலானவை அரசியலைப் பற்றியவை. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு என்று மேடையில் வந்தால் அரசியலைப் பற்றித்தானே பேசுவார்கள், அதில் தப்பில்லை. இசையைப் பற்றி எழுதியவர்கள் 'ஃப்யூஷன்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். ராக், ராப், கானா கலந்த புது வடிவம், அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சொல் போதவில்லை. ராக் இசையில் 'ஜாம் பேண்ட்' என்று ஒரு பரம்பரை இருக்கிறது. எழுதி வைத்த பாட்டை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, மேடையிலேயே மணிக்கணக்கில் புதிதாக வாசித்துக்கொண்டு போகிறவர்கள். சென்னையில் அதற்கு இணையானது எது என்று தேடினால், நுங்கம்பாக்கம் ஓட்டல்களில் வாசித்த ராக் குழுக்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். என் பதில் வேறு. இந்த நகரத்தின் ஜாம், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் சாவு வீட்டுப் பந்தலுக்குக் கீழே ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருந்தது. அந்த 2018 சாயங்காலத்தைப் புரிந்துகொள்ள அந்த ராத்திரிகளுக்குப் போகணும்.

நீளம் எங்கிருந்து வருகிறது

முதலில் கொஞ்சம் கலிஃபோர்னியா.

'கிரேட்ஃபுல் டெட்' 1965இல் தொடங்கிய குழு. ஜெர்ரி கார்சியா கிட்டார், ஃபில் லெஷ் பேஸ், கொஞ்ச நாளில் ஒன்றுக்கு இரண்டு டிரம்மர்கள். அவர்களுடைய 'டார்க் ஸ்டார்' 1968இல் ஒரு சிறிய ரெக்கார்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. அதே பாட்டை 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்தபோது 23 நிமிஷம் போனது. அந்த வாசிப்புதான் 'லைவ்/டெட்' ஆல்பத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். பாட்டின் வரிகள் நடுவில் எங்கோ இரண்டு தீவுகள் மாதிரி வருகின்றன. மீதியெல்லாம் கடல். ஒருவர் ஒரு சின்னத் துணுக்கை வீசுகிறார், இன்னொருவர் அதைப் பிடித்துத் திருப்புகிறார், டிரம்ஸ் விலகி வழிவிடுகிறது.

இந்த நீளம் மேதைத்தனத்தால் மட்டும் வந்ததில்லை. அந்தக் காலத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தக் குழுக்கள் வாசித்தது உட்கார்ந்து கேட்கும் சபையில் கிடையாது, நடனக் கூடங்களில். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே இருக்கும்போது மூன்று நிமிஷத்தில் பாட்டை முடித்தால் ஆட்டம் அறுந்துபோகும். அதனால் பாட்டு நீண்டது. முதலில் தேவை, பிறகு அழகியல்.

வடசென்னையிலும் அதே கணக்குதான், தேவை மட்டும் வேறு. சாயங்காலம் ஒருவர் இறந்துபோகிறார். வெளியூரில் இருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வரணும். அடக்கம் மறுநாள்தான். அதுவரை உடலைத் தனியாக விட முடியாது; வீட்டுக்காரர்கள் தூங்கவும் மாட்டார்கள், முழு நேரமும் அழவும் முடியாது. அந்த எட்டு, ஒன்பது மணி நேரத்தை யாராவது பிடித்துத் தாங்கணும். மரண கானா அந்த வேலைக்காக உண்டானது. நம் ஆட்கள் ராத்திரியை ஜாமமாகப் பிரித்தவர்கள். ஒவ்வொரு ஜாமத்துக்கும் ஒரு காவல். ஆங்கில 'ஜாமு'க்கும் நம் 'ஜாமத்து'க்கும் சொல்லளவில் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வேலை மட்டும் ஒன்று.

பந்தலுக்குக் கீழே

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். எங்கள் தெருவில் சாவு விழுந்தால், தெருவை அடைத்து ஷாமியானா, ஒரு டியூப்லைட், வாடகை சேர், ஐஸ் பெட்டி, கேனில் டீ. பகலில் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கானா ஆட்கள் வருவார்கள். டோலக் ஒருவர், டேப் ஒருவர், சில நாள் ஆர்மோனியம், சில நாள் புல்புல் தாரா. டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்து, ஒரு கையால் தந்தியை மீட்டி மறு கையால் தட்டும் அந்தப் பெட்டியின் சத்தம் ராத்திரியில் ரொம்ப தூரம் போகும். மொட்டை மாடியில் படுத்திருந்தால் மூன்று தெரு தாண்டியும் கேட்கும். பாட்டைக் கேட்டே யார் செத்தார், எங்கே வேலை பார்த்தார், எத்தனை பிள்ளை என்று சொல்லிவிடலாம். அதுதான் முக்கியமான விஷயம். அந்தப் பாட்டு வேறு யாருக்கும் பொருந்தாது.

எப்படிச் செய்கிறார்கள்? பாடகர் வந்ததும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்வார். பேர், அப்பா அம்மா பேர், தொழில், உறவுமுறைகள், அவர் எதற்குக் கோபப்படுவார், எந்த டீக்கடையில் உட்காருவார். பாட்டு தொடங்கும்போது தாளம் இருக்காது. தொகையறா என்று இழுத்து, குரலை மட்டும் வைத்து, சில வரிகள். கூட்டம் அமைதியாகும். அந்த இழுப்பு முடிகிற இடத்தில் டோலக் விழும். பிறகு பல்லவி. பல்லவியைக் கூட இருக்கிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மெட்டு பல சமயம் எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமா மெட்டாகவே இருக்கும்; வார்த்தைகள்தான் அந்த வீட்டுக்கானவை.

அந்தக் கோரஸைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு அது ஒரு 'பஃபர்' மாதிரித் தெரிகிறது. வீடியோ தடங்காமல் ஓட, அடுத்த சில விநாடிக்கான தரவை முன்கூட்டியே சேர்த்து வைப்போம் இல்லையா, அது. கூட்டம் பல்லவியைத் திருப்பிப் பாடும் அந்த ஏழெட்டு விநாடியில் பாடகர் அடுத்த இரண்டு வரியைக் கட்டிவிடுகிறார். இன்னும் அவகாசம் வேண்டுமென்றால் டோலக்காரரைப் பார்ப்பார். டோலக்காரர் ஒரு சுற்று கூடுதலாக உருட்டுவார். கண்ணாலேயே நடக்கும் பேச்சு. ஜெர்ரி கார்சியாவும் ஃபில் லெஷும் மேடையில் தலையசைத்துக்கொண்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 'தோன்றினபடி பாடுவது' என்று வெளியாட்கள் சொல்வார்கள். தோன்றினபடி யாரும் எட்டு மணி நேரம் பாட முடியாது. தாய்க்கு ஒரு வரிக் கூட்டம், கடலில் போனவனுக்கு ஒன்று, குடித்துச் செத்தவனுக்கு ஒன்று, இளம் வயதில் போனவனுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான தொடர்கள் பாடகரின் நினைவில் தயாராக இருக்கும். எதுகை கிடைக்கும் இடங்கள் தெரிந்திருக்கும். அன்றைய ஆளின் பேரும் கதையும் அந்தத் தொடர்களுக்குள் போய் உட்காரும்போது பாட்டு புதிதாகிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் மில்மன் பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும். ஹோமரின் காவியங்கள் எழுதப்படாமல் எப்படி உருவாகியிருக்க முடியும் என்ற கேள்வியோடு பாரி 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே குஸ்லே என்கிற ஒற்றைத் தந்திக் கருவியை வைத்துக்கொண்டு கதை பாடுகிறவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். ஒரு தட்டு சில நிமிஷம்தான் தாங்கும். அதனால் இரண்டு சுழல்மேசைகளை ஜோடியாக இணைத்து, ஒன்று முடியும்போது மற்றதுக்கு மாறுகிற கருவியைச் செய்யவைத்துக் கொண்டுபோனார். பாட்டு அறுபடக் கூடாது என்பதற்காக. 1935இல் ஆவ்தோ மெஜெதோவிச் என்ற எழுதப் படிக்கத் தெரியாத கசாப்புக்காரர் 12,000 வரிகளுக்கு மேல் ஒரே கதையைச் சொன்னார். லார்ட் 1960இல் எழுதிய 'தி சிங்கர் ஆஃப் டேல்ஸ்' அந்தப் பாடகர்கள் எப்படி வரிகளைக் கட்டினார்கள் என்று விளக்கியது. பாடகர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கைவசத் தொடர்களை வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்.

ஈழத்து அறிஞர் க. கைலாசபதி இந்தக் கோட்பாட்டை சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1968இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், பாணர் மரபை வாய்மொழி மரபாக வாசித்தது. அதை எல்லாரும் ஏற்கவில்லை. சங்கக் கவிதை எழுத்து மரபுதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். நம் கல்லூரிகளில் கையறுநிலை என்றால் புறத்துறை என்று சொல்லித் தருவார்கள்: இறந்தவனைப் பேர் சொல்லி, அவன் கொடையைச் சொல்லி, அவன் இல்லாத ஊரைச் சொல்லிப் பாடுவது. பாணன் பாடினால் இலக்கியம். தண்டையார்பேட்டையில் பாடினால் போலீஸுக்கு போன்.

ஒரே கரை, இரண்டு பேர்

இந்த வடிவம் ஏன் இங்கே வளர்ந்தது என்பதற்கு வடசென்னையின் வரைபடமே பாதி பதில்.

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தாய்க்குக் கொள்ளி வைத்தபோது அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்கள் இன்றைக்கும் தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் ஒலிக்கின்றன. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா. ராமநாதபுரம் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, வடசென்னையில் வாழ்ந்து, 1838இல் மறைந்த சூஃபி. தொண்டியில் இருந்து வந்த அவரை மக்கள் தொண்டியார் என்று கூப்பிட்டதால்தான் தண்டையார்பேட்டை என்ற பேர் வந்தது என்பது எங்கள் ஏரியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கானாக்காரர்கள் மஸ்தானைத் தங்கள் குரு வரிசையில் வைக்கிறார்கள். அவர் பேரிலேயே ஒரு பாட்டு வகை இருக்கிறது. உடம்பு நிலையில்லாதது, குருவே துணை என்று போகிற பாட்டு. ஒரு சைவத் துறவி, ஒரு சூஃபி. மரணத்தைப் பாடத் தேவையான சொற்களை இருவரும் இந்தக் கரையில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தச் சொற்களைத் தேவைப்பட்டவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது துறைமுகமும் ரயிலும் ஆலைகளும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. துறைமுகம், பெரம்பூர் ரயில் பணிமனை, பின்னி ஆலைகள் என்று வேலை தேடி செங்கல்பட்டு, வடஆற்காடு கிராமங்களில் இருந்து வந்தவர்களில் பெரும்பங்கினர் தலித் மக்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் நடுவில் உருவானது. பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் பெட்ரோலிய ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம். ஊரில் இருந்தால் சாவுக்குப் பறையடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாயம். நகரத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் தன் சினேகிதனுக்காகத் தானாக உட்கார்ந்து பாடினான். மூட்டை தூக்கியவனும், மெஷின் ஓட்டியவனும், கட்டுமரம் தள்ளியவனும் பேர் சொல்லிப் பாடப்பட்டார்கள். கட்டாயமாக இருந்த ஒன்று மரியாதையாக மாறியது. கானாவின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிவது இந்த மாற்றம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இதே வடசென்னை கர்நாடக சங்கீதத்துக்கும் பழைய வீடு. தியாகராஜர் தன் சீடர் வீணை குப்பய்யருக்காகத் திருவொற்றியூருக்கு வந்து, அங்கே இருக்கும் திரிபுரசுந்தரியின் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று சொல்வார்கள். குப்பய்யருக்கு இருந்த பட்டம் 'கான சக்கரவர்த்தி'. அவருடைய மகன் பேரே திருவொற்றியூர் தியாகய்யர். மியூசிக் அகாடமி தொடங்கியது 1928இல். அதற்கும் மயிலாப்பூரின் சபா உலகத்துக்கும் முன்னால், சங்கீதம் தழைத்த ஊர்களில் ஒற்றியூரும் ஒன்று.

அங்கே மேடையில் அந்த நிமிஷத்தில் உருவாக்குவதற்கு 'மனோதர்மம்' என்று பேர். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம். நிரவலில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, தாளத்துக்குள் அதைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாக நிரப்புவார்கள். வயலின்காரர் அதை வாங்கித் திருப்பித் தருவார். அந்த நேரத்தில் பாடகர் அடுத்ததை யோசிப்பார். பந்தலுக்குக் கீழே கோரஸ் செய்யும் அதே வேலை. பல வருஷப் பயிற்சி, கைவசமான பிடிகள், சக கலைஞரின் கண், ரசிகரின் தலையாட்டல் என எல்லாமே பொது. ஆனால் ஒன்றுக்கு மனோதர்மம் என்று சமஸ்கிருதப் பேர், டாக்டர் பட்டம், பத்ம விருது. மற்றதுக்கு 'கத்தல்'. இசையின் இலக்கணத்தில் இந்த வித்தியாசத்துக்கான காரணத்தைத் தேடினால் கிடைக்காது. யார் பாடுகிறார், எந்தத் தெருவில் பாடுகிறார் என்பதில் கிடைக்கும்.

டேப் யாரிடம் இருக்கிறது

கிரேட்ஃபுல் டெட் 1995 வரை, முப்பது வருஷத்தில் 2,300 கச்சேரிகளுக்கு மேல் வாசித்தார்கள். அவற்றில் பெரும்பான்மைக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. காரணம் ரசிகர்கள். மைக்கோடும் டேப் ரெக்கார்டரோடும் வந்து பதிவு செய்து, தங்களுக்குள் நகல் மாற்றிக்கொண்டார்கள். ரெக்கார்டு கம்பெனிகள் திருட்டு என்று சொல்லக்கூடிய விஷயம். ஆனால் 1984இல் அந்தக் குழுவே டேப் எடுக்கிறவர்களுக்கென்று அரங்கில் ஒரு பகுதியை ஒதுக்கியது. நிபந்தனை ஒன்றுதான்: விற்கக் கூடாது. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் பதிவு செய்த 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவர்களுடைய ஆவணங்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பாரியின் அலுமினியத் தட்டுகள் ஹார்வர்டில் இருக்கின்றன.

இங்கே? கானாவும் கேசட்டில் வந்தது. பிறகு சி.டி., பிறகு யூடியூப். ஆனால் கேசட்டில் வந்தது எட்டு மணி நேர ராத்திரி கிடையாது. அதில் இருந்து எடுத்து, பேர்களை நீக்கி, யாருக்கும் பொருந்துகிற மாதிரி ஐந்து நிமிஷமாக வெட்டிய பாட்டு. சினிமா அதை மூன்று, நான்கு நிமிஷமாக்கியது. 90களில் தேவா கானாவை வெள்ளித்திரைக்கு நிரந்தரமாகக் கொண்டுவந்தார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனின் வாளமீன் பாட்டு தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. 2012இல் ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். அதற்குப் பிறகு கானா பாலா பாடாத படமே இல்லை என்கிற மாதிரி சில வருஷம் போனது. இதெல்லாம் கானாக்காரர்களுக்குப் பேரும் காசும் கொண்டுவந்த விஷயங்கள். அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். 'டார்க் ஸ்டார்' மூன்று நிமிஷத்தில் தொடங்கி 23 நிமிஷத்துக்குப் போனது. கானா ஒரு முழு ராத்திரியில் தொடங்கி மூன்று நிமிஷத்துக்கு வந்தது. வெட்டியதில் போனது நீளம் மட்டுமா? யாருக்காகப் பாடுகிறோமோ அந்த ஆளின் பேரே போனது. சினிமா கானாவில் செத்தவர் கிடையாது. அதனால்தான் மரணத்தைப் பற்றிய ஒரு வடிவத்தை கேலிக்கும் காதல் தோல்விக்குமான வடிவமாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

திரும்ப அந்த மேடைக்கு

இப்போது கீழ்ப்பாக்கத்துக்குத் திரும்புவோம்.

அந்த மேடைக்கு ஒரு வருஷம் முன்னால், 2017 ஜனவரியில், 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில் நின்று டி.எம். கிருஷ்ணா மெட்ராஸ் தமிழில் ராகமாலிகை பாடினார். வரிகளை எழுதியவர் கபேர் வாசுகி. கபேரும் டென்மாவும் 'குரங்கன்' என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். அந்தப் பாட்டில் சபாவின் இசை எண்ணூருக்குப் போனது. அடுத்த ஜனவரியில் எதிர்த் திசையில் ஒரு பயணம்: பந்தலின் இசை, நகரத்தின் நடுவில், மார்கழி மாதத்தில்.

டென்மாவின் முன்னால் இருந்த சிக்கல் இசைப் பொறியியல் சிக்கல். 19 பேர் இருக்கும் குழுவில் எல்லாவற்றையும் அந்த நிமிஷத்தில் உருவாக்க முடியாது. டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்றால் எங்கே மாறணும், எங்கே நிற்கணும் என்று முன்னாலேயே தீர்மானிக்கணும். வெளிச்சம், சவுண்ட் ஆட்கள் வேறு. ஆனால் கானாப் பாடகருக்கு நிற்கும் இடம் முன்னாலேயே தெரியாது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்தக் குழுவின் பாடல்களைக் கேட்டால் கண்டுபிடித்த வழி தெரியும்: கிட்டாரும் பேஸும் ஒரே சின்ன வட்டத்தில் சுற்றிக்கொண்டு தரையாக நிற்கின்றன. அதற்கு மேல் சட்டியும் கட்டமோளமும் ஆறெட்டுத் தாளத்தில் பிய்த்துக்கொண்டு போகின்றன. குரல்கள் மாறி மாறி உள்ளே வருகின்றன. ஒரு கானாக்காரர் விட்ட இடத்தை ராப் பாடகர் பிடிக்கிறார். தொகையறா அப்படியே இருக்கிறது. கோரஸ் அப்படியே இருக்கிறது. போட்டி கானாவில் இரண்டு பாடகர்கள் எதிரெதிராக உட்கார்ந்து கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். அந்தப் பழக்கம்தான் ராப்புக்கும் கானாவுக்கும் நடுவில் பாலமாக நின்றது.

பேர் சொல்லும் வழக்கமும் திரும்ப வந்தது. அம்பேத்கர் பேர், சேரியின் பேர், ஏரியாவின் பேர். அம்பேத்கர் பிறந்தநாளில் தெருவில் ஒலிக்கும் கானாக்களில் அந்தப் பேர்கள் எப்போதும் இருந்தவைதான். நகரத்தின் பொது மேடைக்கு இப்போதுதான் வந்தன. அந்த மேடையில் இருந்த ஒரே பெண் பாடகர் இசைவாணி. ஆண்கள் மட்டும் பாடிவந்த கானாவுக்குள், ஒப்பாரி பெண்களுக்கு, கானா ஆண்களுக்கு என்ற பிரிவினையைத் தாண்டி வந்தவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. கானாவும் ஒப்பாரியும் பறையும் மார்கழிக்குள் வந்து உட்கார்ந்தன.

நான் இதை வெற்றி என்றுதான் சொல்வேன். ஆனால் முழு வெற்றி இல்லை. மேடை, கானாவின் ஆற்றலையும் கோபத்தையும் கொண்டுவந்தது. ராத்திரியைக் கொண்டுவர முடியவில்லை. மேடையில் பாடும்போது கேட்கிறவர் ஆயிரக்கணக்கில். பந்தலில் பாடும்போது கேட்கிறவர் ஒருவர், அவரும் உயிரோடு இல்லை. இரண்டும் இரண்டு இசை. ஒன்று வளர்ந்ததால் மற்றது தானாகப் பிழைத்துவிடும் என்று நினைக்க முடியாது.

மைக் எங்கே நிற்கணும்

பந்தல் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மரண கானாவின் நேரமே அதுதான். விதியின் நியாயம் புரிகிறது. மறுநாள் முதல் ஷிஃப்ட் போகிறவனுக்கும் தூக்கம் வேண்டும். இன்னொரு பக்கம், நகரத்துக் குடிசைப் பகுதிகளைக் காலி செய்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 25, 30 கிலோமீட்டர் தள்ளி அனுப்பியிருக்கிறார்கள். ஏழாவது மாடியில் ஒரு சாவு. ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, பந்தலை எங்கே போடுவது? செத்தவரின் டீக்கடையும் சினேகிதர்களும் பழைய ஏரியாவிலேயே இருக்கிறார்கள். பேர் சொல்லிப் பாட அந்தப் பேர்கள் தெரிந்த ஆட்கள் பக்கத்தில் இருக்கணும்.

மூன்றாவது, நம் கையில் இருக்கும் போன். இப்போது எந்த மரண கானாவும் பதிவாகாமல் போவதில்லை. யாரோ ஒருவர் எடுத்து, அழுகிற தாயின் முகத்தைத் தம்ப்நெய்லாக வைத்து ஏற்றிவிடுகிறார். பாடினவர் பேர் பல சமயம் இருக்காது. செத்தவர் பேர் இருக்கும், அந்த வீட்டில் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆவணமே இல்லாத நிலையில் இருந்து, ஒழுங்கே இல்லாத ஆவணம் என்ற நிலைக்கு நேராகக் குதித்துவிட்டோம்.

எல்லாவற்றையும் பதிவு செய்து வையுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு முதலில் தோன்றும். தரவைச் சேமிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஒரு வீட்டுக்காக மட்டும் கட்டின பாட்டு விடிந்ததும் கரைந்துபோவதும் அந்த வடிவத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பாட்டின் முதல் உரிமை செத்தவரின் வீட்டுக்கு. அடுத்தது பாடினவருக்கு. கேட்க வந்தவனுக்கு மூன்றாவது இடம்தான்.

அதனால் 1984இல் அந்தக் குழு செய்ததை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பதிவு செய்யாதே என்று தடுக்கவில்லை. எப்படியோ போகட்டும் என்று விடவும் இல்லை. மைக் எங்கே நிற்கணும், எடுத்ததை என்ன செய்யணும் என்று வாசிக்கிறவர்களே சொன்னார்கள். வடசென்னையில் அந்த மாதிரி ஒரு விதியைச் சொல்லும் உரிமை கானாக்காரர்களுக்கும் அந்த வீடுகளுக்கும் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் கேட்டு, பாடகர் பேரையும், டோலக்காரர் பேரையும், தேதியையும், தெருவையும் எழுதி, அவர்கள் சொல்கிற இடத்தில் வைப்பது. வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்பது. இதற்கு ஹார்வர்டு வரை போகத் தேவையில்லை. ஏரியாவில் ஒரு வாசகசாலை போதும். வடசென்னையில் அவற்றுக்குப் பஞ்சம் கிடையாது.

அடுத்த முறை ராத்திரி எங்காவது தெருமுனையில் டியூப்லைட்டும் டோலக்கும் கேட்டால், கொஞ்சம் நின்று கேளுங்கள். முதல் பல்லவி திரும்பி வரும்போது பாடகரின் கண்ணைப் பாருங்கள். அடுத்த வரி அங்கேதான் தயாராகிக்கொண்டிருக்கும்.